கூட்டாமலும் குறைக்காமலும்

தமிழில் நாம் வழங்கும் 'சாட்சி' என்னும் சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'அக்ஷி' என்றால் கண். கண்ணால் கண்டவர் என்பதே சாட்சி என்பதன் பொருள். அரபியில் அந்த இடத்தில் நிற்கும் சொல் 'ஷாஹித்'. நேரில் இருந்தவர் என்பது அதன் வேர்ப்பொருள். ஒரு மொழி சாட்சியிடம் கண்ணைக் கேட்கிறது. மற்றொன்று அவர் அவ்விடத்தில் இருந்தாரா என்று கேட்கிறது. ஆயினும் இரண்டும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன. தாம் காணாததற்கும், தாம் இல்லாத இடத்தில் நிகழ்ந்ததற்கும் ஒருவர் சாட்சி சொல்ல இயலாது.

இவ்விதியை மனத்தில் கொண்டு, இக்காலத்தில் பரவி வரும் ஒரு செயலை ஆராய்வோம். பகலில் வெவ்வேறு தொழில்களில் ஈடுபட்டிருப்போர் சிலர், இரவில் ஊருக்கு வெளியே சென்று, சிறு தொலைநோக்கியோடு நிழற்படக் கருவியைப் பொருத்தி, விண்ணின் ஆழத்திலுள்ளவற்றைப் படம் எடுக்கின்றனர். நிலவையும் கோள்களையும் அல்ல; நெபுலா எனப்படும் விண்முகில்களையும், நட்சத்திரக் கொத்துகளையும், நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள நட்சத்திர மண்டலங்களையும் எடுக்கின்றனர். இதற்குக் கூலி இல்லை, பட்டமும் இல்லை. அவர்கள் எடுக்கும் படங்களில் தெரிவனவற்றுள் பெரும்பகுதியை அவர்களே கண்ணால் கண்டதில்லை. வேறு எவரும் கண்ணால் கண்டதில்லை. அங்ஙனமாயின் அப்படம் எதற்குச் சாட்சி? அதனை எடுத்தவர் மீது சுமந்துள்ள கடமை யாது?

பொழுதுபோக்குத்தானே என்று தள்ளிவிடத்தக்க வினா அன்று இது. படம் என்றாலே ஐயத்துடன் நோக்க வேண்டிய நிலை வந்துவிட்ட இந்நாளில், ஒரு படத்தின் மீது நாம் வைக்கும் நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதே இதற்குள் அடங்கிய வினா.

குன்றின் அடியில்

குடுமியான்மலை, புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர். ஒரு கற்குன்றும், அதன் அடியில் சிகாநாதர் கோயிலும், சுற்றிலும் விளைநிலங்களும் உடையது. அங்கே விண்ணைப் படம் எடுக்க முனைபவர் முதலில் தேட வேண்டுவது துருவ நட்சத்திரத்தை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் யாவும் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன. கருவியைத் தாங்கும் பீடம் அதே வேகத்தில் அவற்றைப் பின்தொடர வேண்டும். அதற்கு அதன் அச்சு துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவம் அமையும். குடுமியான்மலையின் அட்சரேகை 10 பாகைக்குச் சற்றே மேல். கையை முன்னே நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முஷ்டி மறைக்கும் உயரமே அது. போதாக்குறைக்கு, நேர் வடக்கே 40 கிலோமீட்டர் அளவில் திருச்சிராப்பள்ளி இருக்கிறது. அந்நகரத்து விளக்குகள் அடிவானில் பரப்பும் ஒளிமூட்டத்திற்குள்ளேயே துருவ மீனைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

பருவமும் எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஆண்ட்ரோமீடா மண்டலம் முன்னிரவில் உயரே நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். மழை ஓய்ந்து தை பிறக்கும்போது அது மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். ஆயினும் அவ்வூருக்கு வாய்த்த பேறும் உண்டு. தென்வானம் அங்கே நன்கு திறந்து கிடக்கிறது. இலண்டனில் இருப்போர்க்கு அடிவானத்திற்கு மேல் வருவதேயில்லாத ஒமேகா சென்டாரி என்னும் நட்சத்திரக் கொத்து, சித்திரை மாத இரவுகளில் தெற்கே 32 பாகை உயரம் வரை ஏறி நிற்கிறது. ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட அக்கொத்து, வெறும் கண்ணுக்கு ஒரு மங்கலான புள்ளியாகவே தோன்றும்.

சிறுவயதில் நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர், இப்பொழுது மின்பணி செய்து பிழைப்பவர், இவ்வூர்ப் பக்கத்தில் இத்துறையில் ஈடுபட்டிருக்கிறார். அவருடைய வேலை முறையை அருகிருந்து பார்த்தோம். ஒரு மாசி மாத இரவில் ஓரியன் கூட்டத்திலுள்ள விண்முகிலை அவர் இரண்டிரண்டு நிமிடங்களாக 100 முறை படம் எடுத்தார். நம் திருவாதிரை மீன் இருக்கும் கூட்டமே அது. அரபியர் அதனை 'அல்-ஜவ்ஸா' என்பர். மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. பிறகு கருவியின் வாயை மூடிவிட்டு, வெறும் இருட்டையும் அதே அளவு நேரம் படம் எடுத்தார். அதன் பின்னர், ஒரே சீராக ஒளியூட்டிய வெண்மையான பரப்பையும் எடுத்துக்கொண்டார். இருட்டைப் படம் எடுப்பானேன் என்னும் கேள்வி எவருக்கும் எழும். அதற்கு விடை காணுமுன், இக்கலை வந்த வழியைச் சிறிது நோக்குதல் நன்று.

சிறு முகில் ஒன்று

பாரசீகத்தின் ரய்யில் 903இல் பிறந்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி. புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வானத்தை ஆராய்ந்த அவர், ஹிஜ்ரி 353, அதாவது 964ஆம் ஆண்டளவில் நிலைமீன்களைப் பற்றிய தம் நூலை இயற்றினார். தாலமி என்னும் யவன அறிஞர் எழுதி வைத்த நட்சத்திரப் பட்டியலை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மீனின் ஒளி அளவையும் தம் கண்ணால் மீண்டும் நோக்கித் திருத்தினார். அந்நூலில், ஆண்ட்ரோமீடாக் கூட்டத்தில் முகில் போன்ற மங்கலான கறை ஒன்று இருப்பதைக் குறித்தார். கையெழுத்துப் பிரதிகளின் ஓவியங்களில் அது ஒரு மீனின் வாயருகே சிறு புள்ளிகளாகக் காட்டப்பட்டிருக்கிறது. நமக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளில் அந்த நட்சத்திர மண்டலத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு இதுவே என்பர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அக்கறை இன்னதென்று அஸ்-ஸூஃபிக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. நட்சத்திரம் போன்று கூர்மையாக இல்லாத அதனை நட்சத்திரமாக வரைந்திருக்கலாம். பார்வைக் கோளாறு என்று விட்டும் இருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. இருந்ததை இருந்தபடி எழுதி வைத்தார்.

அவரை அடுத்து வாழ்ந்த இப்னுல் ஹைஸம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று நிறுவினார். ஒளி நம்மிடம் வருகிறது. நாம் அதனைப் பெறுகிறோம். பின்னாளில் தோன்றிய நிழற்படக் கருவி அனைத்திற்கும் இக்கருத்தே அடிப்படை. ஆனால் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. வந்த ஒளியை அது சேர்த்து வைப்பதில்லை. ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் பெற்றதை மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை ஏற்கிறது. மணிக்கணக்கில் உற்று நோக்கினாலும் மங்கலானது மங்கலாகவே இருக்கும். நிழற்படத் தகடோ வந்ததை எல்லாம் திரட்டி வைக்கும்.

இந்த வேறுபாட்டை முதலில் பயன்கொண்டவர்களுள் பலர் தொழில்முறை வானியலார் அல்லர். 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் விண்முகிலை 51 நிமிடங்கள் ஒளியூட்டி முதன்முதலாகப் படம் எடுத்த ஹென்றி டிரேப்பர் மருத்துவம் பயின்றவர். 1883இல் அதே முகிலை எடுத்து, தொலைநோக்கி வழியாகவும் கண்ணுக்குப் புலப்படாத மீன்களைத் தகட்டில் காட்டிய ஆண்ட்ரு காமன் ஒரு சுகாதாரப் பொறியாளர். 1888 டிசம்பர் 29 அன்று ஆண்ட்ரோமீடாவைப் படம் எடுத்த ஐசக் ராபர்ட்ஸ் கட்டடத் தொழிலில் பொருள் ஈட்டியவர். அஸ்-ஸூஃபி கண்ட கறைக்குச் சுருள் வடிவம் உண்டென்பதை அவருடைய தகடே உலகிற்குத் தெளிவாகக் காட்டியது.

ராபர்ட்ஸ் தம் படத்திற்கு ஒரு விளக்கமும் தந்தார். நம் கதிரவக் குடும்பம் போன்ற ஒன்று அங்கே உருவாகி வருகிறது என்று எண்ணினார். அவ்விளக்கம் தவறு. 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியால் எடுத்த தகட்டில், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. அதைக் கொண்டு, ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு மிகவும் அப்பாலுள்ள தனி நட்சத்திர மண்டலம் என்று அவர் காட்டினார். அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்று இன்று கணக்கிடப்படுகிறது. ராபர்ட்ஸின் விளக்கம் வீழ்ந்தது. ஆனால் அவருடைய படம் வீழவில்லை. தம் கருத்துக்கு ஏற்பத் தகட்டில் ஒரு கோட்டையேனும் அவர் கூட்டியிருந்தால், கருத்தோடு படமும் வீழ்ந்திருக்கும்.

சாட்சியமும் அறிவிப்பும்

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது திரும்பலாம். காணாததற்கு ஒருவர் எவ்வாறு சாட்சியாவார்? நம் அறிஞர் பெருமக்கள் 'ஷஹாதத்' என்னும் சாட்சியத்தையும் 'ரிவாயத்' என்னும் அறிவிப்பையும் வேறுபடுத்திக் கூறுவர். ஹிஜ்ரி 684இல் மறைந்த இமாம் கராஃபி, தம் 'அல்-ஃபுரூக்' நூலில் முதல் வேறுபாடாக எடுத்துக்கொண்டதே இதுதான். அதன் உண்மையைத் தேடி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அலைந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். சாட்சியம் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றியது. இன்னார்க்கு இன்னார் கடன்பட்டார் என்பது போன்றது. அறிவிப்போ எல்லாரையும் பொதுவாகச் சேர்வது; இன்றிருப்போரையும் இனி வருவோரையும் தழுவுவது.

விண்ணைப் படம் எடுப்பவர் சாட்சி அல்லர். அவர் ஓர் அறிவிப்பாளர், ஒரு 'ராவி'. 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் புறப்பட்ட ஒளி அவருடைய கருவியில் வந்து விழுகிறது. அவர் அதனைப் பெற்று, பெறாதவர்களிடம் சேர்க்கிறார். அது எவர் ஒருவருக்கும் உரியதன்று, அனைவருக்கும் உரியது. ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "நீர் கண்டீரா?" என்பது அன்று. "எவ்வழியாகப் பெற்றீர்? பெற்றதை என்ன செய்தீர்?" என்பதே ஆகும். ஹதீஸ் கலை முழுவதும் இவ்விரு கேள்விகளின் மேல் எழுந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

இந்த ஒப்புமை வெறும் அலங்காரத்திற்காகச் சொல்லப்படுவதன்று. மங்கலான ஒளியை உறுதியான படமாக ஆக்கும் முறையை நோக்கினால் அது விளங்கும். நம் இளைஞர் எடுத்த 100 படங்களுள் எந்த ஒன்றும் தனித்து நம்பத்தக்கதன்று. ஒவ்வொன்றிலும் மணல் தூவியது போன்ற பொய்ப்புள்ளிகள் நிறைந்திருக்கும். ஆனால் அப்பொய்ப்புள்ளிகள் ஒரு படத்தில் இருந்த இடத்தில் மற்றொன்றில் இரா. மெய்யான ஒளியோ நூறிலும் ஒரே இடத்தில் விழுந்திருக்கும். நூற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால், மெய் நிலைபெறும், பொய் தேயும். நான்கு படங்களைச் சேர்த்தால் பொய்ப்புள்ளிகளின் வலிமை பாதியாகும். நூறு படங்களைச் சேர்த்தால் பத்தில் ஒரு பங்காகும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கேற்ப அது குறையும் என்பது கணிதம்.

நினைவாற்றல் குறைந்த அறிவிப்பாளர் வாயிலாக வரும் செய்தி தனியே பலவீனமானது. அதே செய்தி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேறு வழிகளிலும் வந்தால் அது வலுப்பெறும் என்று ஹதீஸ் அறிஞர்கள் கூறினர். ஆனால் எல்லாப் பலவீனமும் அவ்வாறு நீங்கிவிடாது என்றும் எச்சரித்தனர். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் இதனைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். மறதியால் வந்த குறையைப் பல வழிகள் கூடி ஈடுசெய்யும். பொய்யால் வந்த குறையை எத்தனை வழிகள் கூடினும் ஈடுசெய்ய மாட்டா. ஒருவர் புனைந்ததை நூறு பேர் திருப்பிச் சொன்னால் அது நூறு அறிவிப்பு ஆகாது, ஒரே புனைவுதான்.

விண்படத்திலும் அவ்வாறே. கண்ணாடியில் படிந்த தூசியும், கருவியில் பழுதுற்ற புள்ளியும் நூறு படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். அடுக்க அடுக்க அவையும் மெய் போலவே உறுதிப்படும். இருட்டைப் படம் எடுப்பது இதற்காகவே. ஒளியே இல்லாத இடத்தில் கருவி எதைக் காட்டுகிறதோ, அது கருவியின் குறை. அதனை அறிந்து கழித்துவிட வேண்டும். வெண்பரப்பின் படம் தூசியின் நிழலைக் காட்டிக் கொடுக்கும். அறிவிப்பாளரின் நிறைகுறைகளை ஆராயும் 'ஜர்ஹு வ தஃதீல்' போன்றதொரு விசாரணையைப் படம் எடுப்பவர் தம் சொந்தக் கருவியின் மீதே நடத்துகிறார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான செயல் வேறில்லை.

நிறம் யாருடையது?

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். ஓரியன் விண்முகிலைத் தொலைநோக்கி வழியே கண்ணால் நோக்குவோர் சாம்பல் படிந்த மங்கலான பசுமையையே காண்பர். படத்திலோ அது செந்நிறமாக ஒளிர்கிறது. இது கூட்டியது அன்றோ?

அன்று. அம்முகிலிலுள்ள ஹைட்ரஜன் வாயு மெய்யாகவே சிவந்த ஒளியை வெளியிடுகிறது. மங்கிய ஒளியில் நிறத்தை உணரும் திறம் நம் கண்ணுக்கு இல்லை. சிவப்பை அது அறவே இழந்துவிடுகிறது. எனவே படத்தில் உள்ள சிவப்பு வந்து சேர்ந்த ஒளிக்கு உரியது. கண்ணின் வறுமை வானத்தின் வறுமை ஆகாது.

வேறொரு வகையும் உண்டு. 1995இல் ஹபிள் விண்தொலைநோக்கி எடுத்த கழுகு விண்முகிலின் தூண்களை உலகமே கண்டது. அதில் கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் ஒளிகளுக்கு முறையே சிவப்பு, பச்சை, நீலம் என நிறங்கள் வகுத்துத் தரப்பட்டன. பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் பலரும் இம்முறையைப் பின்பற்றுகின்றனர். இது நிலப்படத்தில் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டுவது போன்றது. எந்நிறம் எதனைக் குறிக்கிறது என்று சொல்லிவிட்டால் குற்றமில்லை. சொல்லாமல் மறைத்தால், குறையுள்ள வழியைக் குறையற்றதாகக் காட்டும் 'தத்லீஸ்' என்னும் மறைப்புக்கு அது ஒப்பாகும். ஆக, மாற்றுவது மட்டுமே குற்றம் என்பதில்லை. மாற்றியதைச் சொல்லாமை பெரிதும் குற்றம்.

கல்லில் உள்ள புள்ளிகள்

ஆனால் சொல்லிவிட்டாலும் அறிவிப்பு என்று பெயர் பெறத் தகாத ஒன்று உண்டு. அதனை விளக்க, நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. குடுமியான்மலைப் பாறையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது.

குன்றைக் குடைந்த குகைக்கோயிலின் அருகே, பாறை முகத்தில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாக, ஏழு கிராம ராகங்களுக்கு உரிய சுரத் தொகுதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தின் அமைதியைக் கொண்டு அது ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். ருத்ராசாரியாரின் மாணாக்கரான அரசர் ஒருவர் மாணவர் நலனுக்காகச் செய்தது என்று அதன் இறுதிப் பகுதி கூறுகிறது. அவ்வரசரின் பெயர் அதில் இல்லை. முதலாம் மகேந்திரவர்மர் என்று கருதினோர் உண்டு, மறுத்தோரும் உண்டு. எவ்வாறாயினும் அது கருத்தே அன்றிக் கல்வெட்டின் வாசகம் அன்று. கல்வெட்டைப் படித்து வெளியிட்டோர் எவரும் அப்பெயரை அதனுள் நுழைக்கவில்லை.

கல்வெட்டைப் படியெடுக்கும் முறையும் அறியத்தக்கது. கல்லைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்திற்குள் தாள் புகுமாறு தூரிகையால் தட்டி, பின் மை ஒற்றுவர். பள்ளமான எழுத்துகள் வெண்மையாக நிற்கும். மேடான கல் கறுத்துத் தெரியும். சிதைந்த இடம் சிதைந்தே தாளில் வரும். இந்த இசைக் கல்வெட்டில் சில எழுத்துகளின் தலைமேல் புள்ளிகள் உள்ளன. அவை எதனைக் குறிக்கின்றன என்பதில் இசையறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. "பொருள் விளங்காத புள்ளி, கல்லின் குறையாக இருக்கலாம்" என்று படியெடுத்தவர் அவற்றை அழித்துத் தூய்மை செய்திருந்தால், விவாதிப்பதற்கே ஒன்றும் எஞ்சியிராது.

ஹதீஸ் பிரதிகளை எழுதியோரும் இவ்வாறே நடந்தனர். தாம் பெற்ற வாசகத்தில் ஒரு சொல் பிழைபட்டதாகத் தோன்றினாலும் அதனை மாற்றமாட்டார். அதன்மேல் 'தள்பீப்' எனப்படும் சிறு குறியை இடுவர். இப்படித்தான் வந்தது, ஐயம் இருக்கிறது என்று அக்குறி சொல்லும். திருத்தம் அவரினும் அறிந்தவரின் வேலை. ஒப்படைப்பதே அவர் வேலை.

இன்று கணினியில் செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரால் வந்துள்ள மென்பொருள்களுள் சில, இந்த எல்லையைக் கடக்கின்றன. தன் படத்தில் விழுந்த ஒளியைக் கொண்டு கணக்கிட்டுத் தெளிவாக்குவது ஒன்று. பிற படங்கள் பல்லாயிரத்தில் பயின்றதைக் கொண்டு, "இவ்விடத்தில் இப்படித்தான் இருந்திருக்கும்" என்று வரைந்துவிடுவது மற்றொன்று. முன்னது பெற்றதைப் படிப்பது; பின்னது பெறாததை எழுதுவது. 2023 மார்ச் மாதத்தில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைக் கணினித் திரையில் காட்டி, புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் கைப்பேசியால் தொலைவிலிருந்து படம் எடுத்தார். மங்கலான படத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் கைப்பேசிப் படத்தில் வந்து நின்றன. நிலவில் அவை உண்டு என்பது மெய்யே. ஆனால் அந்தப் படத்திற்கு அவை வந்து சேரவில்லை. உண்மையான செய்தியையும் பெறாத வழியாகப் பெற்றதாகக் கூறுவது பொய்யே.

படத்தின் பொய்க்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2022 ஜூலை 31 அன்று பிரெஞ்சு இயற்பியலறிஞர் எட்டியன் கிளைன், வட்டமாக அறுத்த இறைச்சித் துண்டம் ஒன்றின் படத்தை, புதிய விண்தொலைநோக்கி எடுத்த அண்டை நட்சத்திரத்தின் படம் என்று வெளியிட்டார். பலர் நம்பிவிட்டனர். வேடிக்கையாகச் செய்ததென்றும், பெரியோர் சொல்வதை ஆராயாமல் ஏற்கலாகாது என்று உணர்த்தவே செய்ததென்றும் பின்னர் அவர் விளக்கி, வருத்தமும் தெரிவித்தார். நம்பியவர்கள் படத்தை நம்பவில்லை, சொன்னவரை நம்பினர். எனவேதான் சொல்பவரின் நாணயம் படத்தின் ஓர் உறுப்பு ஆகிறது.

இரண்டு படங்கள்

நாம் முன்னர்க் குறிப்பிட்ட இளைஞர் ஒரு நாள் இரண்டு படங்களை நம்மிடம் கொண்டு வந்தார். ஒன்று அவர் நூறு படங்களை அடுக்கி ஆக்கியது. நடுவே ஒளிமிக்க முகில், ஓரங்களில் தெளிவற்ற கறைகள். மற்றது அதையே ஒரு மென்பொருளுக்குக் கொடுத்துப் பெற்றது, ஓரங்களில் பட்டு நூல் போன்ற இழைகள் ஓடின, கண்ணைக் கவர்ந்தது.

"ஹஜ்ரத், பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எதைக் கொடுப்பது?" என்றார்.

"இந்த இழைகள் உங்கள் நூறு படங்களில் எதிலாவது இருந்தனவா, தம்பி?" என்று கேட்டோம்.

"இல்லை. ஆனால் பெரிய தொலைநோக்கிகளின் படங்களில் இதைப் போல உண்டு."

"அப்படியானால் அவற்றை அறிவிக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எவருக்கும் கெடுதி இல்லையே, அழகுதானே" என்றார்.

அவருடைய இந்த மறுமொழி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அழகை நாடுவது தவறன்று. ஓவியர் தம் மனத்தில் எழுந்த வானத்தை வரைந்து, ஓவியம் என்று சொல்லித் தரலாம், நாம் மகிழ்வோம். கூலியின்றி, எவர் ஏவலுமின்றி, இரவு விழித்து எடுத்த தம் படத்தில் ஒருவர் சிறிது அழகு கூட்டினால் எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கப் போவதில்லை. ஆயினும் கெடுதி உண்டு. அதனை அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது.

மார்செல் டிரெக்ஸ்லர், ஸேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்டி என்னும் மூவர், ஜெர்மனியையும் பிரான்ஸையும் சேர்ந்த பொழுதுபோக்கு வானியலார். 2022இல் அவர்கள் ஆண்ட்ரோமீடாவைப் பல இரவுகள் ஆக்சிஜன் ஒளியில் படம் எடுத்தபோது, அதன் அருகே மிக மங்கலான வில் போன்ற கறை ஒன்று தெரிந்தது. வானில் நிலவின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளம். ஆண்ட்ரோமீடா வானத்தில் மிகுதியாகப் படம் எடுக்கப்பட்டவற்றுள் ஒன்று. அப்படியிருந்தும் அதுவரை எவரும் அதனைக் கண்டிலர். முதலில் எழ வேண்டிய ஐயம் கருவியின் பிழையோ என்பதே. ஆகவே வேறு இடங்களில், வேறு கருவிகளால் எடுத்த படங்களோடு ஒத்துப் பார்த்தனர். அவற்றிலும் அவ்வில் இருந்தது. தொழில்முறை வானியலாருடன் சேர்ந்து 2023 ஜனவரியில் அதனை வெளியிட்டனர். அது ஆண்ட்ரோமீடாவைச் சேர்ந்ததா, நம் பால்வீதிக்குள்ளேயே இருப்பதா என்பது குறித்துப் பின்னர்க் கருத்துகள் பலவாக எழுந்தன.

அஸ்-ஸூஃபி ஒரு கறையைக் குறித்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே இடத்திற்கு அருகே, சம்பளம் பெறாத மூவர் மற்றொரு கறையைக் குறித்தனர். அவரைப் போன்றே அவர்களும் இன்னதென்று உறுதியாக அறியாமலே குறித்தனர். மென்பொருள் பயின்ற படங்கள் எதிலும் அவ்வில் இருந்திராது. "இங்கே ஒன்றும் இருக்க வழியில்லை" என்று தீர்மானித்து அதனை அது துடைத்திருக்கக்கூடும். முன்பு கண்டதைக் கொண்டே இனிக் காண்பதை நிரப்புகிறவர்க்கு, முன்பு காணாதது ஒருநாளும் புலப்படாது. மேலும், நூறு பேர் நூறு ஊர்களில் எடுக்கும் படங்கள் ஒன்றுக்கொன்று சான்றாவது, அவை தனித்தனியே பெறப்பட்டவையாக இருக்கும் வரையில்தான். எல்லாரும் ஒரே மென்பொருளின் கற்பனையால் தம் படத்தை நிரப்பிக்கொண்டால், நூறு சான்றுகள் ஒரு சான்றாகச் சுருங்கிவிடும். கெடுதி இதுவே. படம் எடுத்தவர் தம் படத்தை மட்டும் கெடுப்பதில்லை. பிறர் படத்தை உறுதிப்படுத்தும் தகுதியையும் இழந்துவிடுகிறார்.

இதனையெல்லாம் கேட்ட பின்னர் அவர் முதல் படத்தையே கண்காட்சிக்கு அளித்தார். அதன் பக்கத்தில் நூறில் ஒன்றை மட்டும், எதுவும் செய்யாமல், கறுத்த நிலையிலேயே வைத்தார். கீழே எந்த ஊர், எந்த இரவு, எத்தனை நிமிடம், எத்தனை படம், என்ன செய்யப்பட்டது என்று எழுதினார். பிள்ளைகள் அழகிய படத்தைவிட அந்தக் கறுத்த படத்தின் முன்னே அதிக நேரம் நின்றதாகவும், இது எப்படி அதுவாயிற்று என்று கேட்டதாகவும் பின்பு சொன்னார்.

முடிவாக

ஓரியன் முகிலின் ஒளி ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பயணம் செய்து நம்மை அடைகிறது. குடுமியான்மலைப் பாறையில் சிற்பி உளி பிடித்த அந்தக் காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளி, இன்று அக்குன்றின் அடியில் வைக்கப்பட்ட கருவிக்குள் விழுகிறது. பாறையில் எழுதியவர் நம்மை அறியார். அந்த ஒளியும் நம்மை நோக்கிப் புறப்பட்டதன்று. ஆயினும் இரண்டும் நம் கைக்கு வந்துவிட்டன. கைக்கு வந்த பொருள் எதுவாயினும், அதற்கு உரியவர் மற்றொருவர் உண்டு என்று உணர்ந்து வைத்திருப்பதையே நாம் அமானிதம் என்கிறோம். இங்கே உரியவர் இனிமேல் பிறந்து வருவோர். நமக்கு விளங்காத புள்ளி அவர்களுக்கு விளங்கலாம்.

படம் எடுப்போர்க்கு மட்டும் உரிய செய்தியன்று இது. நாம் அனைவரும் நாள்தோறும் எதையோ பெற்று எவரிடமோ சேர்க்கிறோம். ஒரு செய்தியை, ஒரு வரலாற்றை, ஒரு மனிதரைப் பற்றிய பேச்சை. கேட்டதில் இடைவெளி இருந்தால் அதனை நம் ஊகத்தால் நிரப்பி முழுமையாக்கிச் சொல்லும் ஆசை எல்லாரிடமும் உண்டு. "இந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை" என்று சொல்லிக் கொடுப்பதற்குக் கல்வி மட்டும் போதாது. நெஞ்சில் உறுதியும் வேண்டும். எவரும் பாராத இரவில், எவரும் கேட்காத வேலையில், தம் கருவியின் இருட்டையும் படம் எடுத்துக் கழிக்கின்ற ஒருவர், அவ்வுறுதியில் பயிற்சி பெறுகிறார் என்பது நம் கருத்து.